வாயில் இருக்கும் விதி காலுக்கும் வர வேண்டும்: ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கான பயிற்சிகள்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மகள் இரண்டாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்குப் போகப் பெரிய சாலையைக் கடக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் மாந்தோப்பில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கிறது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் மாலையில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். ‘கிணற்றுப் பக்கம் போகக் கூடாது, ரோட்டில் ஓடக் கூடாது’ என்று இரண்டு பேரும் அழகாக ஒப்பிக்கிறார்கள். ஆனால் பந்து உருண்டால் பின்னாலேயே ஓடுகிறார்கள். படிப்பிலும் கவனம் நிற்பதில்லை. வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள் உண்டா?

பதில்: பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இந்த வயதில் விதி வாயில் இருக்கும், கால் தன் போக்கில் போகும். ‘போகாதே’ என்று மட்டும் சொன்னால், போகாமல் வேறென்ன செய்வது என்று பிள்ளைக்குத் தெரியாது. பந்து உருளும் அந்த நொடியில் என்ன செய்ய வேண்டும் என்பதை உடம்புக்குப் பழக்கிவிட வேண்டும். அதனால் நான் சொல்வது எல்லாமே நடித்துப் பார்க்கும் விளையாட்டுகள்தான். தினம் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும்.

உங்கள் வீட்டில் அவசரம் கிணறு. வாசலில் ஒரு கயிற்றை வட்டமாகப் போடுங்கள், அதுதான் கிணறு. அதைச் சுற்றி நாலைந்து அடி தள்ளிக் கோலமாவில் இன்னொரு வட்டம். பந்தை நீங்களே உள்ளே உருட்டிவிடுங்கள். பிள்ளை கோலமாவுக் கோட்டைத் தாண்டாமல் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், “பாட்டி, பந்து விழுந்திடுச்சு!” என்று கத்திக்கொண்டே பாட்டியிடம் ஓட வேண்டும். பந்தை எடுத்து வந்தால் அவுட். விட்டுவிட்டு வந்தால் ஒரு புளியங்கொட்டை. முதல் இரண்டு நாள் கோட்டைத் தாண்டத்தான் செய்வார்கள். சிரித்துக்கொண்டே மறுபடி உருட்டுங்கள். சாப்பிடும் முன் கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணச் சொல்லுங்கள். அக்காவிடம் 23, தம்பியிடம் 17 என்றால் யாரிடம் எத்தனை அதிகம் என்று கேளுங்கள். இரண்டாம் வகுப்புக் கழித்தல் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

இதில் பெரியவர்கள் பங்கும் உண்டு. நிஜமாகவே ஒரு நாள் பந்தோ செருப்போ கிணற்றில் போய்விட்டால் திட்டக் கூடாது. செருப்புத் தொலைந்தால் அடி விழும் என்று பயப்படும் பிள்ளைதான் கிணற்றோரம் குனிந்து எட்டிப் பார்க்கும். மாமியாரிடமும் சொல்லிவையுங்கள்: ‘கிணத்துக்குள்ள பூதம் இருக்கு’ வேண்டாம். சில பிள்ளைகள் பூதத்தைப் பார்ப்பதற்கென்றே போவார்கள்.

அக்காவே தண்ணீரில் விழுந்துவிட்டால் தம்பி என்ன செய்வான்? கை நீட்டவோ இறங்கவோ கூடாது. கத்த வேண்டும், பெரியவரைத் தேடி ஓட வேண்டும். ஆறு வயதுக்கு அவ்வளவுதான் வேலை, இதையும் நடித்துப் பாருங்கள். பெரியவர்களுக்காகக் கிணற்றோர மரத்தில் நீளமான கயிறு ஒன்றை மாட்டி, அதன் நுனியில் மூடியை இறுக்கிய காலி கேன் ஒன்றைக் கட்டிவையுங்கள். நீச்சல் தெரியாத பாட்டி குதிக்காமல் அதை வீசலாம்.

கல்குவாரிக் குட்டைக்கும் தென்பெண்ணை ஆற்றுக்கும் இதே விளையாட்டுதான். ஆனால் ஒன்றை விளக்கிச் சொல்ல வேண்டும். குவாரிப் பள்ளத்தில் ஏரிக்கரை மாதிரி சரிவு கிடையாது, ஓரத்திலேயே ஆளை முழுக்கும் ஆழம் இருக்கும். ஆறு இன்னொரு வகை: மேலே இருக்கும் கே.ஆர்.பி. அணையில் (கிருஷ்ணகிரி அணை) தண்ணீர் திறந்தால், உங்கள் ஊரில் மழையே பெய்யாவிட்டாலும் ஆற்றில் தண்ணீர் ஏறும்.

அடுத்தது சாலை. ‘வலது, இடது, மறுபடி வலது’ பார்க்கப் பழக்குங்கள். நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கமாகப் போவதால் சாலையில் இறங்கியதும் முதலில் நெருங்கி வருவது வலப்பக்க வண்டி. பாதிச் சாலையைத் தாண்டியதும் வருவது இடப்பக்க வண்டி. சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் பைக்குகளுக்காகவும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது! வலது எது என்று குழம்பினால், சாப்பிடும் கை எது என்று கேளுங்கள் (இடக்கைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு வலது மணிக்கட்டில் ஒரு நூல்). காதை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்கும். டவுன் பஸ்ஸில் இறங்கினால் பஸ் கிளம்பிப் போகும்வரை ஓரமாகவே நிற்க வேண்டும். நிற்கும் பஸ்ஸின் முன்னாலோ பின்னாலோ நுழைந்து கடக்கும் குட்டிப் பிள்ளை எந்த ஓட்டுநர் கண்ணுக்கும் படாது.

பயிற்சி எவ்வளவு நன்றாகப் போனாலும் தனியாகக் கடக்க விடாதீர்கள். வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கும் திறமை ஒன்பது பத்து வயது வரை பிள்ளைகளுக்குச் சரியாக அமைவதில்லை. அதுவரை கை பிடித்துத்தான். பைக்கில் கூட்டிப்போனால் நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம், சட்டமே அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகப் பள்ளி வரை நடந்து போய் வாருங்கள். வழியில் உள்ள எல்லாப் பெயர்ப் பலகையையும் மகள் வாசிக்கட்டும், தம்பிக்குத் தெரிந்த எழுத்தை அவன் தொட்டுக் காட்டட்டும். வீட்டுக்கு வந்ததும் சாக்பீஸால் தரையில் அந்த வழியை வரையச் சொல்லுங்கள். டீக்கடை, டிரான்ஸ்பார்மர், கோயில், புளியமரம் எல்லாவற்றின் பெயரையும் மகள் எழுதுவாள். கை பிடிக்க வேண்டிய இடத்தில் ஒரு கல், பயமாக இருந்தால் ஓடிப்போகக்கூடிய வீட்டில் ஒரு மாவிலை. அந்த வீட்டுக்காரர்களிடம் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். உங்கள் பிள்ளைகள் எந்த நிலை என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டால், எந்த அளவுக்கு எழுதச் சொல்வது என்று தெரியும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறீர்களா? விளையாட்டு அந்த மொழியிலேயே நடக்கட்டும், எழுதும்போது தமிழில் எழுதட்டும். ஆபத்தில் வாயில் வருவது வீட்டு மொழிதான்.

‘அப்பா பேர் என்ன?’ என்று கேட்டால் ‘அப்பா’ என்று பதில் சொல்லும் பிள்ளைகள் நிறையப் பேர். நீங்கள் போலீஸ்காரராகவோ கண்டக்டராகவோ நடித்து, பெயர், ஊர், போன் நம்பர் கேளுங்கள். பத்து இலக்கத்தையும் மூன்று, மூன்று, நான்காகப் பிரித்துக் கைதட்டிச் சொன்னால் நன்றாக ஒட்டிக்கொள்ளும். கூடவே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கட்டும்.

வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள், ‘மாங்கொட்டை’ மாதிரி ஏதாவது. ‘அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க’ என்று யார் வந்தாலும் அந்தச் சொல்லைச் சொல்லாவிட்டால் கூடப் போகக் கூடாது, தெரிந்த மாமாவாக இருந்தாலும் சரி. தொடுகை பற்றியும் இப்போதே பேசலாம். உள்ளாடை மறைக்கும் இடத்தை யாராவது தொட்டால் ‘வேண்டாம்’ என்று கத்தி, ஓடிவந்து உங்களிடம் சொல்ல வேண்டும். சொன்னால் நீங்கள் கோபப்பட மாட்டீர்கள் என்பது பிள்ளைக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். விருந்தாளிக்கு முத்தம் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்திவிட்டு ‘வேண்டாம் சொல்லு’ என்று கற்றுக்கொடுத்தால் அது நடக்காது.

கடைசியாக, கிணறு. எத்தனை விளையாட்டு விளையாடினாலும் அது திறந்து கிடக்கும்வரை ஆபத்துதான். தோப்பு உங்களுடையது என்றால் இந்த வாரமே சுற்றி முள்வேலியோ கம்பி வலையோ போட்டுவிடுங்கள், சுவர் அப்புறம் கட்டலாம். வேறொருவருடையது என்றால் முதலில் அவரிடம் பேசுங்கள், மசியவில்லை என்றால் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள இரண்டு பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போய், கிணற்றையும் பள்ளி எதிரே வேகத்தடையையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுங்கள். பேசிவிட்டு வந்தால் போதாது, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். சாலை தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம்.