கறுப்பு லான்சரும் சில்வர் பீச் இருட்டும்

அன்புள்ள அண்ணா,

நான் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். சிப்காட்டில் ஷிப்ட் வேலை. எங்கள் நண்பர்கள் ஏழெட்டுப் பேருக்குப் பழைய கார் என்றால் உயிர். ஒரு கறுப்பு லான்சர், ஒரு நீல ஜென், ஒரு வெள்ளை கான்டெஸா, அப்புறம் என் தாய்மாமாவின் பிரீமியர் பத்மினி. மாதம் ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் சில்வர் பீச் பக்கம் கூடுவோம். செகண்ட் ஹேண்டில் ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் 50 எம்.எம். லென்ஸும் வாங்கி, ஆறு மாதமாக இந்தக் கார்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

லான்சர் படத்தில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஜென் தெருவிளக்கின் கீழ் சேறு பூசியது போல விழுகிறது. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கினால் சரியாகுமா? கடன் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். நண்பர்கள் ஈ.சி.ஆரில் ராத்திரி ஒரு காரின் டிக்கியில் உட்கார்ந்து, பின்னால் வரும் காரை எடுக்கலாம் என்கிறார்கள். அப்பாவோ, "ஊரான் காரைப் படம் பிடிச்சு உனக்கு என்னடா கிடைக்கப்போவுது" என்கிறார். எட்டுப் படங்கள் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள். என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகர்
கடலூர்

*

அன்புள்ள தம்பி,

எட்டுப் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் கடன் விஷயம். வாங்காதீர்கள். உங்களிடம் இருக்கும் கேமரா போதும், தாராளமாகப் போதும். கேமராவை முக்காலியில் (டிரைபாட்) வைத்து நிற்கும் காரை எடுக்கும்போது ஷட்டரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திறந்து வைக்கலாம். அதனால் இருட்டில் நன்றாகப் பார்க்கும் விலையுயர்ந்த சென்சாருக்கு அங்கே பெரிய வேலையில்லை. அந்தப் பணத்தில் காற்றுக்கு ஆடாத ஒரு கனமான முக்காலி வாங்குங்கள். சில்வர் பீச் காற்றில் உங்கள் முக்காலி நடுங்கியிருப்பது மூன்றாவது படத்திலேயே தெரிகிறது.

இப்போது லான்சர். புது பாலீஷ் போட்ட கார் கிட்டத்தட்ட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. பகலில் வானம் முழுவதும் அதில் விழுவதால் நமக்கு அது தோன்றுவதில்லை. இரவில் கார் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதோ அதுதான் படத்தில் வரும். கறுப்புக் காரில் இன்னும் அதிகம், ஏனென்றால் கறுப்பு பெயின்ட்டுக்குச் சொந்தமாகக் காட்ட வேறு எதுவும் இல்லை. நீங்கள் லான்சரை ஒன்பது மணிக்கு நிறுத்தியிருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் கடல், அது கறுப்பு. நீங்கள் நின்ற பக்கமும் இருட்டு. கறுப்பைக் கறுப்பின் முன்னால் நிறுத்தி, கறுப்பைப் பார்க்க வைத்திருக்கிறீர்கள். எந்தக் கேமராவாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

இது எனக்குப் புரிந்த விதத்தைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் புதுச்சேரியில் நண்பரின் கறுப்பு அம்பாசடரை எடுக்கப் போனேன். கடற்கரைச் சாலையில்தான் ஆசை. ஆனால் மாலை ஆறு முதல் காலை ஏழரை வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அதனால் விடியற்காலை நாலரைக்கு ரோமன் ரோலன் வீதிக்குப் போனோம். ஒரு மணி நேரம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், காரின் பக்கவாட்டில் மூன்று தெருவிளக்குகள் மூன்று வெள்ளைப் பொட்டுகளாக இருந்தன. பின்கதவில் முக்காலியின் கால்கள். வீல் கப்பில் குனிந்து நிற்கும் நான். அம்பாசடரைத் தவிர எல்லாம் இருந்தது.

மறுநாள் அதே நேரம், அதே தெரு. இந்த முறை கேமராவை வெளியே எடுக்கவில்லை. முதலில் காரின் கதவுப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, அந்தக் கதவு பார்க்கும் திசையைப் பார்த்தேன். எதிரே இருட்டான மரம். காரை நியூட்ரலில் போட்டு இரண்டு வீடு தள்ளிக்கொண்டு போனோம். அங்கே எதிர்ப்புறம் நீளமான மஞ்சள் சுவர், வாசல் விளக்கின் வெளிச்சம் அதன் மேல் பரவியிருந்தது. அவ்வளவுதான். முன் மட்கார்டில் தொடங்கிப் பின் விளக்கு வரைக்கும் ஒரே பொன் தகடு ஓடியது. அம்பாசடரின் அந்தக் குண்டு இடுப்பு, கதவுக்கு நடுவே மெல்ல உள்வாங்கி மறுபடி எழும் வளைவு எல்லாம் அந்தத் தகடு வளைந்த விதத்திலேயே தெரிந்தது. கைப்பிடியின் குரோமில் ஜன்னல் ஒன்று முழுசாக, நகக்கண் அளவில், கம்பிகளோடு இருந்தது.

அன்றிலிருந்து நான் இடம் தேடும்போது காருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். காருக்கு எதிரே, என் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

இதை உங்கள் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். நமக்குக் கடல் கிழக்கே. சூரியன் ஊர்ப்பக்கம் மறைகிறது. மறைந்த பிறகும் மேற்கு வானம் அரைமணி நேரம் போல ஒளியோடு இருக்கும், கடல் மேலே வானம் கருநீலமாகும். அந்த நேரத்தில் காரைக் கடலுக்கு முன்னால் நிறுத்தி, நீங்கள் மேற்கே நில்லுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னாலிருக்கும் வானம் முழுவதும் லான்சரின் மேல் விழும், பின்னணியில் கடல் இன்னும் நீலமாகவே இருக்கும். ஜூன் கடைசியில் சூரியன் மறைய ஆறரை தாண்டும், நவம்பர் கடைசியில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் மறைந்துவிடும். அதிலிருந்து பதினைந்து, இருபது நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். ஒன்பது மணிக் கூட்டத்தை ஒரு மாதம் மட்டும் ஆறு மணிக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். நண்பர்கள் வருவார்கள்.

விடியலில் இது அப்படியே திரும்பிவிடும். கிழக்கு வெளுக்கும்போது கடலைப் பார்த்து நிற்கும் பக்கத்தில் ஒளி விழும், ஊர் பின்னணியாகும். ஒன்று மட்டும். சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினத்தில் அந்த நேரத்தில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர்கள் வேலையில் இருப்பார்கள். அவர்கள் வழியில் காரை நிறுத்தாதீர்கள், ஹெட்லைட்டை அவர்கள் முகத்தில் அடிக்காதீர்கள். நம் ஆசைக்காக அவர்கள் ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டியதில்லை.

ஐ.எஸ்.ஓ., அதாவது சென்சார் ஒளியை உணரும் அளவு, 100. அபர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 8. ஷட்டர் நாலைந்து விநாடியில் தொடங்கி, இருட்ட இருட்ட இருபது விநாடி வரை போகலாம். என்ஜினை அணைத்துவிடுங்கள், ஓடும் என்ஜினோடு பாடி அதிர்வது பத்து விநாடியில் நன்றாகத் தெரியும். ஹெட்லைட் வேண்டாம், பார்க்கிங் லைட் போதும், அதையும் ஓரிரு விநாடி போட்டு அணைத்தால் இன்னும் நல்லது. முன்விளக்கின் மேல் டார்ச் அடித்து ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் படங்கள் எல்லாம் நின்ற உயரத்தில் எடுத்தவை. முட்டி போடுங்கள். கார் கதவின் கைப்பிடி உயரத்துக்குக் கேமரா இறங்கட்டும். அந்த 50 எம்.எம். லென்ஸ் இதற்கு நல்ல துணை, சற்றுத் தள்ளி நிற்க வைக்கும், காரின் மூக்கை இழுத்து நீட்டாது.

ஏ.சி. ஓடிய காரிலிருந்து கேமராவை எடுத்தவுடன் கடற்காற்றில் லென்ஸ் வேர்த்துப்போகும். துடைக்கத் துடைக்க மறுபடி வேர்க்கும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வைத்திருங்கள்.

ஜென் ஏன் சேறாகிறது என்று கேட்டீர்கள். அது தெருவிளக்கின் குணம். அந்த ஆரஞ்சு நிற சோடியம் விளக்கின் ஒளியில் நீலம் மிகமிகக் குறைவு. நீலப் பெயின்ட் மற்ற நிறங்களை விழுங்கிவிட்டு நீலத்தைத் திருப்பி அனுப்புவதால்தான் நமக்கு நீலமாகத் தெரிகிறது. வருகிற ஒளியிலேயே அது இல்லையென்றால் எதைத் திருப்பி அனுப்பும்? படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எவ்வளவு திருகினாலும், கேமராவுக்குள் வராத நிறத்தைக் கம்ப்யூட்டரில் வரவழைக்க முடியாது. அதனால் சோடியம் விளக்கை விட்டு நகர்ந்து போங்கள், இல்லையென்றால் வெள்ளை ஒளியை நீங்களே கொண்டுபோங்கள்.

கொண்டுபோவது கஷ்டமில்லை. எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சார்ஜ் ஏற்றுகிற எல்.இ.டி. டியூப்லைட் போதும். கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஷட்டரை இருபது விநாடிக்குத் திறந்துவிட்டு, டியூப்பைக் காரின் கூரைக்குச் சற்று மேலே நீளவாக்கில் பிடித்தபடி, முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே சீராக நடந்து போங்கள். வெளிச்சம் காரைப் பார்க்க வேண்டும், கேமராவை அல்ல. நடந்துகொண்டே இருந்தால் நீங்கள் படத்தில் விழமாட்டீர்கள். நின்றால் நிழலாக விழுவீர்கள். பிறகு கதவுப் பக்கம் ஒரு முறை, சக்கரங்களுக்கு ஒரு முறை என்று முக்காலியை அசைக்காமல் தனித்தனியாக எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒவ்வொன்றிலும் வெளிச்சமான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி சேர்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த இரவுகளை விடாதீர்கள். காய்ந்த தார் ஒளியைக் குடித்துவிடும். நனைந்த தார் ஒவ்வொரு விளக்கையும் இரண்டாக்கிக் கொடுக்கும்.

ஈ.சி.ஆர். யோசனையைக் கைவிடுங்கள், தம்பி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். திறந்த டிக்கியில் ஒருவன், பத்தடி பின்னால் ஒரு கார், ராத்திரி, அந்தச் சாலையில் போகும் பஸ்களும் லாரிகளும். ஒரு படத்துக்காக இது தேவையே இல்லை, வேறு வழி இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு விநாடியில் ஏறக்குறைய 2.8 மீட்டர் நகர்கிறது. ஐந்து கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நாம் நடக்கும் வேகத்தில், தள்ளப்படும் கார் இரண்டு விநாடியில் அதே 2.8 மீட்டர் நகர்கிறது. காரோடு சேர்ந்து நகரும் கேமராவில் ஷட்டரை இரண்டு விநாடி திறந்து வைத்தால் தரையும் சுவரும் படத்தில் ஒரே அளவுதான் கோடாக ஓடும், சக்கரமும் அதே அளவுதான் சுழலும். காரிலேயே உறிஞ்சுபிடிகளால் (சக்‌ஷன் கப்) நீளமான கம்பியைப் பொருத்தி, அதன் நுனியில் கேமராவைக் கட்டி, என்ஜினை அணைத்து நாலு பேர் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளி எடுப்பது தொழில்முறை ஆட்களே செய்வது. கம்பி படத்தில் விழும், அதை அப்புறம் அழித்துக்கொள்ளலாம். தெரிந்தவர்களின் ரைஸ் மில் களம் ஒன்று கிடைத்தால், அனுமதி கேட்டு அங்கே செய்யுங்கள். ஸ்டியரிங்கில் ஒருவர் இருக்கட்டும், பிரேக்கில் கால் இருக்கட்டும். பிரேக்கை மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் என்ஜின் அணைந்திருந்தால் பிரேக் கல்லு மாதிரி இருக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்பா கேட்டதற்கு வருகிறேன். அவர் கேட்டதில் தவறில்லை. நானும் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன்.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்றொரு புகைப்படக்காரர் இருந்தார். விளம்பரப் படங்கள் எடுப்பது அவர் தொழில். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் நீராவி என்ஜின்கள் நிற்கப்போகின்றன என்று தெரிந்ததும், 1955இல் தொடங்கி ஐந்து வருடம் தன் சொந்தச் செலவில் போய்ப் போய் எடுத்தார். பெரும்பாலும் இரவில். பகல் வெளிச்சம் தன் சொல்பேச்சு கேட்காது என்பதால் இரவைத் தேர்ந்து, ஃபிளாஷ் பல்புகளை வரிசையாகக் கட்டி, கரும் என்ஜினையும் வெண்புகையையும் தான் நினைத்தபடி ஒளியூட்டினார். கறுப்பு இரும்பை இருட்டில் காட்டியவர் அவர். லான்சருக்காக அவர் படங்களைத் தேடிப் பாருங்கள். யாரும் கேட்காமல் எடுத்த அந்தப் படங்களில்தான் அந்த ரயில்களின் கடைசி வருடங்கள் இருக்கின்றன.

உங்கள் கூட்டத்தில் நிற்கும் கார்களை எண்ணிப் பாருங்கள். கான்டெஸா 2002க்குப் பிறகு இல்லை. பத்மினி அதற்கும் சற்று முன்பே நின்றுபோனது. அம்பாசடரும் மாருதி 800ம் 2014இல் முடிந்தன. சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் கடைசியாக எப்போது ரோட்டில் பார்த்தீர்கள்? அதுவும் நம் கடற்கரை உப்புக்காற்று சும்மா விடுமா? கதவின் அடிப்பக்கம், சக்கரத்துக்கு மேலே உள்ள மடிப்பு, பேட்டரித் தட்டு எல்லாம் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். ஒரு வருடம் டிங்கரிங் கடையில் நிற்கும், மறு வருடம் காயலான் கடைக்குப் போகும். அதைக் காப்பாற்றி வைத்திருக்கும் உங்கள் நண்பர்கள், சம்பளத்தில் பாதியை அதில் போடுகிறவர்கள். அவர்கள் காரை ஒருவன் உட்கார்ந்து, முட்டி போட்டு, இருபது விநாடி காத்திருந்து பார்க்கிறான் என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். படத்தை பிரின்ட் போட்டு ஆளுக்கொன்று கொடுங்கள். வெளியில் பகிரும்போது மட்டும் நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள்.

எட்டுப் படங்களில் எனக்குப் பிடித்தது கடைசிப் படம், மாமாவின் பத்மினி. படம் ஆடியிருக்கிறது, கோணமும் சரியில்லை. ஆனால் யாரோ கதவைத் திறந்த நேரத்தில் உள்ளே கூரை விளக்கு எரிந்திருக்கிறது. அந்தச் சின்ன மஞ்சள் பல்பில் ஸ்டியரிங்கும், அதன் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும் கியர் கம்பியும், அதன் மேல் ஒரு கையும் தெரிகின்றன. மாமாவின் கைதானே? அதையே திரும்ப எடுங்கள். தெருவிளக்கில்லாத இடம், முக்காலி, வெளியில் ஒரு விளக்கும் வேண்டாம். கதவு திறந்திருக்கட்டும், மாமா ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து கியரில் கை வைத்திருக்கட்டும். ஐ.எஸ்.ஓ.வைக் கொஞ்சம் ஏற்றினால் ஒரு விநாடியில் வந்துவிடும். அந்த ஒரு விநாடி ஆடாமல் இருக்கச் சொல்லுங்கள். ஸ்டூடியோவுக்குப் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பழகிய தலைமுறை, இருப்பார்.

எடுத்ததும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்