சொந்த வீடு இருந்தால் மாதம் எவ்வளவு போதும்?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். 60 வயதில் ஆலைப் பணியிலிருந்து ஓய்வு பெறும்போது எனக்கு 45 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஓய்வூதியம் 4,000 ரூபாய்தான். வீட்டை விற்று ஏற்காட்டில் குடியேறலாம் என்கிறார் மனைவி. இருவருக்கும் எவ்வளவு வருமானம் தேவை?
– வாசகர், சேலம்

பதில்: வாடகையும் கடனும் இல்லாததால், செவ்வாய்ப்பேட்டை மளிகை, மின்கட்டணம், மருந்து, காப்பீட்டுப் பிரீமியம், மொய்ச் செலவு (இதைப் பலர் எழுதவே மறந்துவிடுகிறார்கள்) எல்லாம் சேர்த்து மாதம் 35,000 ரூபாய் போதும் என்பது என் கணிப்பு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பான 30 லட்சத்தைச் செலுத்தினால், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 8.2 சதவீத வட்டிப்படி, காலாண்டுக்கு 61,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 20,500 ரூபாய் வரும். ஓய்வூதியத்தையும் கூட்டினால் 24,500 ரூபாய்.

பற்றாக்குறையான 10,500 ரூபாய்க்காக மீதி 15 லட்சத்தையும் வட்டிக்கே முடக்கிவிடாதீர்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்றைய 35,000 ரூபாய்ச் செலவு 12 ஆண்டுகளில் 70,000 ஆகிவிடும்; வட்டியோ அப்படியே நிற்கும். ஆகவே அவசர மருத்துவத்துக்கு 4 லட்சத்தை வங்கி வைப்பில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை நிதானமான கலப்பு (பங்குகளும் கடன் பத்திரங்களும் கலந்த) மியூச்சுவல் ஃபண்டுகளில் போட்டு, பற்றாக்குறையை அதிலிருந்து மாதந்தோறும் எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒத்துழைத்தால் ஓரிரு ஆண்டுகள் பகுதிநேர வேலை பார்ப்பது இன்னும் நல்லது.

ஏற்காட்டுக்கு வாடகைக்குப் போய் ஒரு மழைக்காலம் தங்கிப் பாருங்கள். நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் சேலத்து மருத்துவமனைக்கு இறங்க வேண்டும் என்பதால், அஸ்தம்பட்டி வீட்டை இப்போது விற்க வேண்டாம்.