கொரோனா காலத்தில் ஆசிரியர்களும் பிள்ளைகளும் பெற்றோரும் எப்படிச் சமாளித்தீர்கள்?

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அந்த வருடம் எனக்கு நான்காம் வகுப்பு, 23 பிள்ளைகள். எங்கள் ஆன்லைன் வகுப்பு ராத்திரி எட்டு மணிக்குத்தான் தொடங்கும். போன் அப்போதுதான் வீட்டுக்கு வரும்.

2020 மார்ச் நடுவில் பள்ளியை மூடினார்கள். ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் அப்பாக்கள் கொத்து வேலைக்கும் லோடு ஏற்றவும் கிளம்பிவிட்டார்கள், போனும் கூடவே போய்விட்டது. வீடு வீடாக விசாரித்ததில் 14 வீடுகளில்தான் டச் போன் இருந்தது. பகலில் பிள்ளை கைக்குக் கிடைப்பது இரண்டே இரண்டு. வீடியோ அனுப்பினால் அன்றைய டேட்டா அதிலேயே தீர்ந்துவிடும். அதனால் வாட்ஸாப்பில் வாய்ஸ் மெசேஜ்: ஒரு கதை, இரண்டு கணக்கு, மூன்று நிமிடத்துக்கு மேல் போகாமல்.

பதில்கள் வரும். குக்கர் விசில், நாய் குரைப்பு, பின்னாலிருந்து அப்பா மெதுவாக விடையை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அதில் கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மா தினமும் மகன் சொன்ன பிறகு தானும் ஒன்று அனுப்புவார்: "டீச்சர், நானும் பக்கத்துல உக்காந்து கேட்டேன், அவன் முழுசா சொல்லிட்டான்." பாடம் சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் ஒருநாள்கூட வகுப்பு தவறவில்லை. நாங்கள் சொல்லிக் கொடுத்ததைவிட அவர் உட்கார்ந்திருந்ததுதான் பெரிது என்று இன்றும் நினைக்கிறேன்.

என் வீட்டில் மகன் பத்தாவது. பொதுத்தேர்வு தள்ளித் தள்ளிப் போய், 2020 ஜூன் 9-ஆம் தேதி ரத்து என்று அறிவித்தார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம். அரையாண்டில் காய்ச்சலோடு எழுதியவன் அவன். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

சரி, போனே இல்லாத ஒன்பது பேர்? கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. ஆனால் அம்மா நூறு நாள் வேலைக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது இந்தப் பிள்ளைதான், டிவி முன்னால் எப்படி உட்காரும்? கைகொடுத்தது அரிசி வாங்கும் நாள். சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தபோது எல்லா வீட்டிலிருந்தும் யாராவது வந்தார்கள். கையால் எழுதி ஜெராக்ஸ் போட்ட பயிற்சித் தாள்களைப் பையோடு சேர்த்துக் கொடுப்பேன், அடுத்த முறை திருப்பி வாங்கிக்கொள்வேன். குழம்புக் கறையோடு வரும், ஆனால் எழுதி வரும். அப்புறம் மாரியம்மன் கோயில் திண்ணையில் ஆறு ஆறு பேராக உட்கார வைத்தேன்.

2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்தது. எனக்கு இரண்டாம் வகுப்பு கொடுத்தார்கள். முந்தின வருடம் பெயர் சேர்த்து, ஒருநாள்கூட வகுப்பில் உட்காராமலே ஒன்றாவது முடித்த பிள்ளைகள். பென்சிலைக் கரண்டி மாதிரி முழுக்கையில் பிடித்தார்கள். பாதிப் பேர் அம்மாவின் புடவையை விடவே இல்லை. அழுதுகொண்டிருந்த ஒரு பெண் குழந்தை நான் பேசியதும் நிமிர்ந்து, "நீங்கதான் எட்டு மணி டீச்சரா?" என்றாள். அண்ணன் என் பழைய வகுப்பு. அவன் பக்கத்தில் உட்கார்ந்து வருடம் முழுக்க என் குரலைக் கேட்டிருக்கிறாள்.

அதே சமயம்தான் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் வந்தது. எங்கள் தெருவில் பி.எஸ்ஸி. முடித்த ஒரு பெண் தன்னார்வலராகச் சேர்ந்து, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு மணி வரை தன் வீட்டு வாசலில் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகளின் எழுத்து திரும்பி வந்தது பெரும்பாலும் அந்த வாசலில்தான்.

என் 23 பேரில் 22 பேர் ஐந்தாம் வகுப்புக்குத் திரும்பினார்கள். ஒருவனை மட்டும் 2021 ஜனவரியில் பெற்றோர் செங்கல் சூளைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். சீசன் முடிந்ததும் வருவான் என்று மூன்று முறை அவன் வீட்டுக்குப் போனேன். பூட்டுதான் இருந்தது.