முதலாளியிலும் ஆள், தொழிலாளியிலும் ஆள்

கேள்வி: காலையில் பால் கொண்டுவரும் ஆள் தொடங்கி, சமையலாள், துணி தேய்க்கும் ஆள், தோட்டத்து ஆள் என்று எத்தனையோ பேர் நம் அன்றாட வாழ்க்கையைத் தாங்கி நிற்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் விழா எடுத்து, அவர்களுக்குச் சால்வை போர்த்திப் பாராட்டினால் என்ன? எங்கள் தெருவில் செய்வதாக இருக்கிறோம்.
(தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்கள் எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் கேள்வியை இரண்டாம் முறை படித்தபோது, 'ஆள்' என்ற சொல் நான்கு இடத்தில் வந்திருப்பதும், ஒருவருடைய பெயர்கூட வராமல் இருப்பதும் கண்ணில் பட்டன. விழாவைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தச் சொல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

தமிழில் ஆள் என்பது தாழ்ந்த சொல் அன்று. முதல் போட்ட பணத்தை ஆள்கிறவர் முதலாளி என்றால், தொழிலை ஆள்கிறவர் தொழிலாளி. இரண்டிலும் பின்பாதி ஒன்றுதான். நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரியவர்கள் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய காலத்தில், கடையை நடத்தியவருக்கு மேலாள் என்று பெயர். அவருக்கு அடுத்து நின்றவர் அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மூன்றாண்டுக் கணக்குக்குப் போய், கிட்டங்கி என்ற கடைக்கட்டடத்தில் கைப்பெட்டியின் முன் தரையில் அமர்ந்து பேரேடு எழுதி, இரவில் அதே இடத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள் அவர்கள். பெட்டியடிப் பையனாகப் போனவர் அடுத்தாளாகி, மேலாளாகி, பிறகு தாமே முதல் போட்டுக் கடை வைத்ததும் உண்டு. அன்றைய 'ஆள்' என்ற சொல்லுக்கு மேலே ஏறிச் செல்ல ஒரு படி இருந்தது.

இன்று நம் வீடுகளில் புழங்கும் 'ஆள்' வேறு. "பால் ஆள் வந்திருக்கு", "சமையல் ஆள் நின்னுருச்சு" என்கிறோம். மனிதரைக் குறிக்கும் சொல்லை எழுவாயாக வைத்துவிட்டு, வினைமுற்றை மட்டும் மாட்டுக்கும் மரத்துக்கும் சொல்வதுபோல் அஃறிணையில் முடிக்கிறோம். யாரையும் இழிவுபடுத்த வேண்டுமென்று எவரும் இப்படிப் பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பெயரைச் சொல்லிப் பேசும்போது "அவுக வந்திருக்காக" என்று தானாக மரியாதை ஏறிவிடுகிற நம் பேச்சு, பெயர் தெரியாத இடத்தில் இப்படி இறங்கிவிடுகிறது.

நம் பக்கத்துப் பழைய பெரிய வீடுகளைக் காட்டக் கானாடுகாத்தானுக்கோ ஆத்தங்குடிக்கோ வெளியூர் விருந்தினரை அழைத்துச் செல்லும்போது நாம் சொல்லும் விளக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது என்று வரிசையாகச் சொல்வோம். முகப்புக் கதவில் அத்தனை தெய்வங்களையும் கொடிகளையும் செதுக்கிய ஆசாரி எந்த ஊர்க்காரர் என்று விருந்தினர் கேட்டால் நமக்குப் பேச்சு எழாது. காலுக்குக் கீழே தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அது சூளையில் வெந்த கல் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சை அதற்குள் இறக்கி, வண்ணம் குழைத்த சிமெண்டுக் கரைசலை அறை அறையாகக் கரண்டியில் ஊற்றி, ஒரு நிறம் மற்றொன்றில் கலந்துவிடாமல் அச்சை நேராகத் தூக்கி எடுக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் மணிக்கட்டு சற்றுச் சாய்ந்தாலும் இதழின் விளிம்பு கலங்கிவிடும். பிறகு உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, சாந்து பரப்பி, தொட்டி நீரில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியை விட்டு விலகும் கல்லின் முகத்தில் அந்தக் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே தங்கியிருக்கும். அச்சே இல்லாமல் கைபோன போக்கில் பூ ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கையைப் பார்த்த பிறகு, 'கல் போடும் ஆள்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பூர்வீக வீட்டுக்கு நூறாண்டு நிறைந்தபோது ஒரு மலர் வெளியிட்டோம். தொகுத்தவன் நான். பங்காளிகள் அத்தனை புள்ளிகளின் (மணமான குடும்பங்களின்) பெயர்களும், பேரப்பிள்ளைகள் படித்த படிப்புகளும், மணகோலம், கந்தரப்பம் ஆகிய பலகாரங்கள் செய்யும் பக்குவமும்கூட அதில் இடம்பெற்றன. 31 ஆண்டுகளாக அந்த வீட்டைக் காலையில் திறந்து, வளவை (உள்முற்றத்தை)ப் பெருக்கி, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் கற்களைத் துடைத்து, விளக்கேற்றிப் பூட்டிச் செல்லும் அம்மாவின் பெயர் அதில் இல்லை. அடைமழையில் இரண்டாம் கட்டின் எந்த மூலையில் ஓடு ஒழுகும், எந்த இடத்தில் அண்டா வைக்க வேண்டும் என்பது எங்கள் பங்காளிகளில் ஒருவருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும். பிற்பாடு முதியோர் உதவித்தொகைக்கு அவருக்காக விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தபோதுதான், அவருடைய முழுப் பெயரையும் தகப்பனார் பெயரையும் முதன்முதலாகக் கேட்டேன். "இத்தனை வருசத்துல யாரும் கேட்டதில்லையே அப்பச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை இந்தப் பக்கத்தில் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன், வேண்டாம் என்றார். அதனால் எழுதவில்லை.

பெயர் எழுதுவது நமக்குப் புதிய வழக்கம் இல்லை. தஞ்சைப் பெரிய கோவிலில் முதலாம் இராசராசன், "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொன்னதை எல்லோரும் மேடையில் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கோவிலின் கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோவிலில் ஆடிய பெண்கள், 400 பேரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாம் வீட்டில் இருப்பவர், எந்த ஊர்க் கோவிலிலிருந்து வந்தவர் என்று குறிக்கிறது; ஒருவருக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று கூலியையும் சேர்த்தே பதிக்கிறது. எனக்கு அதில் பெரிதாகப் படுவது, பெயரும் கூலியும் அருகருகே இருப்பதுதான். கூலியைச் சொல்லாத பாராட்டை நான் நம்புவதில்லை.

சால்வையோடு எனக்குள்ள பகை இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். துணி தேய்ப்பவர் சால்வையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? மடித்துப் பரணில் போடுவார். அதற்கு ஆகும் பணம், மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் பணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, மாதச் சம்பளத்தை முதல் தேதியிலேயே கொடுப்பது, தீபாவளி முன்பணத்தை அவர் வாய்திறந்து கேட்கும்முன் கொடுப்பது, அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கும் வாரத்தில் சம்பளம் பிடிக்காமல் விடுமுறை கொடுப்பது ஆகிய மூன்றும் உங்கள் தெருவில் நடக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். இன்னொன்றும் உண்டு. நம் பழைய வீடுகளில் வேலைக்கு வருகிறவர்கள் பின்கட்டு வாசலால் வந்து பின்கட்டு வாசலால் போவதும், அவர்களுக்கென்று அங்கே ஒரு தம்ளர் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதும் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. அந்தத் தம்ளர் இருக்கிற வீட்டிலிருந்து வரும் சால்வையை அவர் எந்த மனத்தோடு தோளில் வாங்குவார்?

விழாவைக் கைவிடச் சொல்லவில்லை, நடத்துங்கள். அழைப்பிதழை மட்டும் அச்சுக்குக் கொடுக்கும்முன் எனக்கு ஒரு படி அனுப்புங்கள். உபயதாரர் பட்டியல் இருக்கும் இடத்தில், உங்கள் தெருவில் உழைக்கிறவர்களின் முழுப் பெயர், ஊர், பார்க்கும் வேலை, எத்தனை ஆண்டாகப் பார்க்கிறார்கள் என்ற விவரம் நான்கையும், அவரவரிடம் நேரில் கேட்டு, சம்மதித்தவர்களுக்கு மட்டும் எழுதுங்கள். இந்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி அப்படியே வெளியிடுகிறேன். கேட்கப் போகும்போது முன்வாசல் திண்ணையில் உட்கார வைத்துக் கேளுங்கள்.