அப்பாவின் புல்லட்டை விற்கலாமா?

வணக்கம் சார்,

பழைய வண்டிகள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். எனக்கு ஒரு குழப்பம். உங்களிடம் கேட்டால் தேவலை என்று தோன்றியது.

என்னிடம் இருப்பது அப்பா 1986இல் வாங்கிய புல்லட் 350. வலது கால் கியர், பாயின்ட் செட், எல்லாம் பழையபடியே. அப்பா போன பிறகு மூன்று வருடம் வீட்டோரம் சும்மா நின்றது. போன வருடம் இன்ஜின் வேலை பார்த்து, பெயின்ட் அடித்து எடுத்தேன். ஊரில் ஒரு ரைடர் குரூப்பிலும் சேர்ந்தேன். என்னைத் தவிர எல்லோரும் புது வண்டிக்காரர்கள்.

போன மாதம் வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டி ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்குப் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. எவ்வளவு உதைத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒரே கிக்கில் எடுத்தது. கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. இப்படியே மூன்று தடவை. பதினோரு பேர் எனக்காகக் காத்துக் கிடந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அடுத்த ரைடில் என்னைக் கடைசியில் வரச் சொல்லிவிட்டார்கள். அது உறுத்துகிறது. ஒரு மெக்கானிக், எலக்ட்ரானிக் இக்னிஷன், டிஸ்க் பிரேக், செல்ஃப் ஸ்டார்ட் எல்லாம் மாட்டிவிடலாம் என்கிறார். இன்னொருவர், நல்ல விலைக்கு ஆள் இருக்கிறது, கொடுத்துவிடு என்கிறார்.

இன்னொன்று. குரூப்பில் வண்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறந்தநாள் வாழ்த்து, ரத்தம் தேவை, கிரகப்பிரவேசம், யாருடைய மாமனாருக்கோ ஆபரேஷன். இதற்கா சேர்ந்தோம் என்று இருக்கிறது. வண்டியையும் விற்றுவிட்டு, குரூப்பையும் விட்டுவிடலாமா?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஒரே கிக்கில் எடுக்கிறது. போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் இந்த விஷயம்தான் கடிதத்திலேயே முக்கியமானது. பெரும்பாலும் இது கண்டென்சரின் வேலை. பாயின்ட் என்பது பிளக்கில் பொறி விழவைக்கத் திறந்து மூடுகிற சின்ன சுவிட்ச். அது திறக்கிற நொடியில் அங்கே பொறி பறக்காமல் மின்சாரத்தை வாங்கிக்கொள்வது கண்டென்சரின் பொறுப்பு. உள்ளே இருக்கும் காப்பு கெட்டுப்போனால், ஆறியிருக்கும்போது ஒழுங்காக இருக்கும், சூடு ஏறியதும் கைவிட்டுவிடும். பொறி பிளக்கில் விழாமல் பாயின்ட்டிலேயே விழுந்து வீணாகும். பாயின்ட் மூடியைக் கழற்றிப் பாருங்கள். முனைகள் கருகிப் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத சாமான். உங்கள் ஊரில் ஒரு பிரியாணி விலைக்குள் வந்துவிடும். இதற்காக அப்பாவின் வண்டியை விற்கப் பார்த்தீர்கள்.

சரி, இனி உங்கள் குரூப்காரர்கள் பக்கம் நின்று கொஞ்சம் பேசுகிறேன். வண்டி நின்றதில் குற்றமில்லை. அந்த வயது வண்டி நிற்கத்தான் செய்யும். ஆனால் மலை ஏறப் போகிறவர் பையில் ஒரு கண்டென்சர், ஒரு பாயின்ட் செட், ஒரு பிளக், நாலு ஸ்பேனர் இல்லாமல் போனதுதான் இடிக்கிறது. இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். புது வண்டிக்காரர் கையை வீசிக்கொண்டு வரலாம். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. நம் வண்டி நின்றால் பதினோரு பேருடைய ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து நிற்கிறது. அவர்களுக்கும் வீடு இருக்கிறது, இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டியிருக்கிறது. பழைய வண்டியைப் பார்த்துக்கொள்வதை எல்லோரும் பாசம், மோகம் என்றெல்லாம் சொல்கிறார்கள். கூட வருகிறவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை அது என்பதுதான் என் எண்ணம். பாசம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த மரியாதையைச் செய்வதற்கு வேண்டியது ரைடுக்கு முந்தின சாயங்காலம் ஒரு மணி நேரம். முதலில் பாயின்ட். வலது பக்கம் சிலிண்டருக்குப் பின்னால் இருக்கிற மூடியை எடுத்துவிட்டு, பாயின்ட் முழுக்கத் திறக்கும்வரை கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். இடைவெளி 0.35இலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போகவேண்டும், இறுகவும் கூடாது, தொளதொளக்கவும் கூடாது. எமரித் தாள் போட்டுத் தேய்த்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு பழைய விசிட்டிங் கார்டை முனைகளுக்கு நடுவில் வைத்து இழுத்து எடுங்கள். கார்டில் கறுப்புக் கோடு விழாத வரைக்கும் இழுக்க வேண்டும். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. தேய்த்த தூள் உள்ளேயே கிடந்து, காலையில் வண்டி எடுக்காமல் சண்டித்தனம் செய்யும்.

அப்புறம் டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். வலது பக்கம் ஒரே நட்டில் நிற்கிற அந்தச் சின்ன மூடியைக் கழற்றினால் வால்வைத் திறக்கவைக்கிற கம்பிகளான இரண்டு புஷ்ராடும் தெரியும். இரண்டு வால்வும் மூடியிருக்கிற நிலைக்குப் பிஸ்டனைக் கொண்டுவந்துவிட்டு, புஷ்ராடை விரலால் சுழற்றிப் பாருங்கள். தங்குதடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் அசையக் கூடாது. இதற்கு கேஜ் எதுவும் வேண்டாம், விரல்தான் கேஜ். இந்த ஒன்றுக்காகவே எனக்கு அந்த இன்ஜினைப் பிடிக்கும்.

ஆயில் பார்ப்பதில் ஒரு சூது உண்டு. நாள்கணக்கில் நின்ற வண்டியில் ஆயில் தன் அறையிலிருந்து மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கியிருக்கும். அப்போது குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைந்திருப்பது போலக் காட்டும். பதறிப்போய் ஊற்றுவார்கள். அப்புறம் வண்டி ஓட ஓட, மிச்சமெல்லாம் இன்ஜின் மூச்சுவிடுகிற குழாயான பிரீதர் வழியாகக் கொட்டும். புல்லட் என்றால் ஆயில் ஒழுகும் என்று ஊர் பேசுவதில் கொஞ்சம் பங்கு இந்த அவசரக்காரர்களுடையது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, அதன் பிறகு பாருங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. உங்கள் வண்டியின் ரப்பர் டியூபும் கார்புரேட்டர் வாஷரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. டியூபை வளைத்துப் பார்த்து, வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் மாற்றிவிடுங்கள். எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். ஒரு மாதம் வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

கிளட்ச் கேபிளுக்குப் பழைய ஆட்கள் செய்கிற ஒரு வேலை: புதுக் கேபிள் ஒன்றை, மாட்டியிருக்கிற கேபிளுக்கு இணையாகவே டேங்குக்கு அடியில் ஓட்டி, டேப் சுற்றி வைத்துவிடுவார்கள். வழியில் அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் போதும். டேங்கைக் கழற்ற வேண்டாம், இருட்டில் துழாவ வேண்டாம்.

வழியில் நின்றால் உடனே உதைக்க ஆரம்பிக்காதீர்கள். ஹெட்லைட்டுக்கு மேலே ஆம்ப்ஸ் மீட்டர் இருக்கிறதே, அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை. சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். அசையவே இல்லை என்றால் பாயின்ட்டிலோ ஒயரிலோ கோளாறு. ஒழுங்காக ஆடுகிறது, ஆனாலும் எடுக்கவில்லை என்றால் கண்டென்சர், காயில், பிளக் என்று வரிசையாகப் போங்கள். கால் வலியும் மிச்சம், கூட நிற்பவர்களின் ஆளுக்கொரு யோசனையும் மிச்சம்.

சாமான் கிடைக்குமா என்று கவலைப்பட வேண்டியதில்லை. எல்லைக் காவலுக்காக இந்திய அரசு புல்லட் வாங்கப் போய், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் ஆலை வந்தது. 1970இல் இங்கிலாந்தில் கடையைக் கட்டிவிட்டார்கள், திருவொற்றியூரில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இரும்புச் சிலிண்டர் இன்ஜின், 70க்கு 90 போர் ஸ்ட்ரோக், 346 சிசி, 2010 வாக்கில்தான் நின்றது. ஒரே அச்சில் இத்தனை காலம் வந்ததால் சாமானுக்குப் பஞ்சமில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை என்று சுற்றினால் எதுவும் கிடைக்கும். டூப்ளிகேட்டும் அதே அளவுக்குக் கிடைக்கும், அதுதான் வம்பு. புதுக் கண்டென்சர் வாங்கினால் முதலில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஒழுங்காக ஓடியதைப் பையில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை வண்டியில் மாட்டுங்கள். பெட்டி பிரிக்காத சாமானை நம்பி மலை ஏறக் கூடாது.

மாற்றச் சொன்ன மெக்கானிக்கைப் பற்றி: எலக்ட்ரானிக் இக்னிஷன் மோசமில்லை. ஆனால் பாயின்ட் சொல்லிவிட்டுக் கெடும், அது சொல்லாமல் கெடும். கெட்டால் வழியில் ஒன்றும் செய்ய முடியாது. மாட்டினாலும் பழைய செட்டைத் தூக்கிப் போடாதீர்கள். செல்ஃப் ஸ்டார்ட் உங்களுக்கு வேண்டாம், கால் நன்றாகத்தானே இருக்கிறது? டிஸ்க் மாட்டுவதற்கு முன்னால், இப்போது இருக்கிற டிரம் பிரேக்கைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஷூ டிரம்மில் முழுசாகப் படிவதே இல்லை. மலை இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள். பிரேக்கையே நம்பி இறங்கினால் டிரம் காய்ந்து, கீழே வரும்போது பிடிக்காது. மிச்சமாகிற காசில் சத்தமான சைலன்சர் மாட்டும் ஆசை வந்தால் மட்டும் எனக்கு எழுதாதீர்கள். விடிகாலையில் மலைக்கிராமங்களை எழுப்பிவிட்டுப் போகிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு ஆகாது.

கடைசியில் வரச் சொன்னதில் உங்களுக்கு வருத்தம். எனக்கும் அது தப்பு என்றுதான் படுகிறது, ஆனால் காரணம் வேறு. கடைசி இடம் அனுபவசாலிக்கு உரியது. விழுந்தவரை எடுக்க, நின்ற வண்டியைப் பார்க்க, கையில் டூல்ஸோடு வருகிறவர் இடம் அது. எழுபதில் சுகமாக ஓடுகிற வண்டியை முன்னால் போகிறவருக்கு அடுத்ததாக, இரண்டாவதாக விடவேண்டும். அவர் கண்ணாடியில் உங்களைப் பார்த்துக்கொண்டே வேகத்தை வைத்துக்கொள்வார், கூட்டம் சிதறாது. பிரேக் கணக்கும் இருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கிற 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம். அவர்கள் சட்டென்று நிற்பார்கள், பின்னால் டிரம் பிரேக்கோடு வருகிற உங்களால் முடியாது. அவர்கள் உங்களுக்குப் பின்னால் வந்தால் எல்லோருக்கும் நல்லது. இதை மனஸ்தாபமாக ஆக்காமல் குரூப்பில் நேராகச் சொல்லுங்கள். கேட்டுக்கொள்வார்கள். மூன்று தடவை நின்றும் முகம் சுளிக்காதவர்கள் அவர்கள்.

ரத்தம், கிரகப்பிரவேசம் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கூட்டத்தில் ஒரு கிளட்ச் புல்லர் இருக்கிறது. கிளட்ச்சைக் கழற்ற வருடத்தில் ஒரு நாள்தான் வேண்டும், அதற்காக எல்லோரும் ஒன்று வாங்கி வைப்பதில் அர்த்தமில்லை. யாரோ எப்போதோ வாங்கியது ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. யாருடையது என்று இப்போது யாருக்கும் தெரியாது, தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அவர் பெருந்தன்மையாக வாயைத் திறக்கவில்லை. வேண்டும் என்றால் கடைசியாக எடுத்துப்போனவர் வீட்டுக்குப் போகவேண்டும். போனால் சும்மா வாங்கிக்கொண்டு வந்துவிட முடியுமா? உட்காரச் சொல்வார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, பெண் நீட் எழுதுகிறாள், அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை என்று ஒவ்வொன்றாக வரும். இப்படித்தான் ஒரு நண்பருக்கு பைபாஸ் ஆனபோது ஆஸ்பத்திரியில் யார் எந்த ராத்திரி படுப்பது என்று எங்களுக்குள்ளேயே முறை போட்டுக்கொண்டோம். அவருடைய தம்பி வெளிநாட்டில் இருக்கிறார், மனைவிக்கு வேறு யாரையும் கூப்பிடத் தெரியவில்லை, எங்கள் நம்பர்கள் இருந்தன. அவர் இப்போது பழைய வண்டியை உதைப்பதில்லை, டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். கார்புரேட்டர் பிரிக்க மட்டும் அவரைத்தான் கூப்பிடுகிறோம். முட்டாமல் பிரித்துச் சுத்தம் செய்வதில் அவரைவிட்டால் ஆளில்லை.

உங்கள் குரூப்பில் வண்டிப் பேச்சு இல்லாததற்கு இன்னொரு காரணம் இருக்கலாம். புது வண்டியை சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு எடுத்துக்கொள்கிறார்கள். பேச அதில் என்ன இருக்கிறது? பாயின்ட் மூடியைத் திறக்கத் தெரிந்தவர் அந்தப் பன்னிரண்டு பேரில் நீங்கள் ஒருவர்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், டாப்பெட் பார்க்கப் போகிறேன், வருகிறவர்கள் வரலாம் என்று குரூப்பில் போட்டுப் பாருங்கள். இரண்டு பேராவது வருவார்கள். ஆபரேஷன் செய்துகொண்ட அந்த மாமனாரைப் பற்றியும் ஒரு வார்த்தை விசாரியுங்கள், நீங்கள் இன்னும் கேட்டிருக்கமாட்டீர்கள் என்று தோன்றுகிறது.

விற்பதை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். ஆர்சி புதுப்பித்துவிட்டீர்களா என்று பாருங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், வண்டி சும்மா நின்ற மூன்று வருடத்தில் அது விட்டுப்போயிருக்கலாம்.

கண்டென்சரை மாற்றிவிட்டு வெயில் நேரத்தில் நத்தம் ரோட்டில் போய், அப்படியே சிறுமலை ஏறுங்கள். சோதிப்பதற்கு அதைவிட நல்ல ரோடு உங்கள் ஊர்ப் பக்கம் இல்லை. மேலே போகும்வரை நிற்காமல் ஓடினால் கண்டென்சர்தான். நடுவில் நின்றால் இக்னிஷன் காயிலைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாமல் கொதித்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். எது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.