சியர்ஸின் ஏழு பட்டங்கள்

வணக்கம் ஐயா,

அமெரிக்காவின் முதல் டென்னிஸ் சாம்பியன் ரிச்சர்ட் சியர்ஸ் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். 1881 முதல் 1887 வரை தொடர்ந்து ஏழு அமெரிக்க ஒற்றையர் பட்டங்கள். ஆனால் கடைசி நான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒரே ஓர் ஆட்டம்தான் ஆடியிருக்கிறார். எதிரே நின்றவர்களும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். இதைப் பெரிய சாதனை என்று சொல்ல முடியுமா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

நீங்கள் சொல்லும் இரண்டும் உண்மைதான். 1884இல் சேலஞ்ச் ரவுண்டு முறை வந்தது. மற்றவர்கள் சுற்றுச் சுற்றாக மோதி மேலே வர வேண்டும். அப்படி வந்தவரோடு மட்டும் நடப்புச் சாம்பியன் ஆடினால் போதும். போட்டி நடந்த நியூபோர்ட் கேசினோவும் செல்வந்தர்களின் கோடைக்காலக் கிளப். அதே 1884இல் சியர்ஸும் அவருடைய இரட்டையர் கூட்டாளி ஜேம்ஸ் டுவைட்டும் விம்பிள்டன் இரட்டையர் போட்டிக்குப் போய் ரென்ஷா சகோதரர்களிடம் தோற்றார்கள். அன்றைய இங்கிலாந்தின் தரம் வேறு.

சரி, முதல் மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். அப்போது சியர்ஸுக்கும் எல்லாச் சுற்றும் உண்டு. மூன்று ஆண்டுகளிலும் ஒரு செட்கூட இழக்கவில்லை. 1881 இறுதியாட்டத்தில் வில்லியம் கிளினை 6-0, 6-3, 6-2 என்று வென்றபோது அவருக்கு 19 வயது, ஹார்வர்டு மாணவர்.

எப்படி வென்றார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அன்று வலை கம்பங்களின் ஓரம் நான்கடி, நடுவில் மூன்றடி. ஓரத்தில் உயரம் அதிகம் என்பதால் எல்லோரும் தாழ்ந்த நடுப்பகுதிக்கு மேலாகக் குறுக்கே அடித்தார்கள். சியர்ஸ் வலையருகே முன்னேறி வந்து நின்றார். பந்து அவர் கைக்கே வந்தது. தரையில் விழுமுன் அதை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மெல்லத் தட்டிவிட, எதிராளி ஓடி ஓடியே களைத்துப் போனார். வலையின் வடிவத்தைக் கவனித்த ஒருவரின் ஆட்டம் அது. அப்புறம் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் லாஃபோர்டு என்ற வீரர் பந்தைச் சுழற்றி அடிப்பதைப் பார்த்து அந்த அடியையும் தனதாக்கிக் கொண்டார். பலவீனமான எதிராளிகளை வென்று திருப்தி அடைந்தவராக இருந்தால், சாம்பியனான பிறகு எதற்குப் புதிய அடி?

ஆகவே என் கணக்கில் முதல் மூன்று பட்டங்களுக்கு எடை கூடுதல், பின்னவற்றுக்குக் கொஞ்சம் குறைவு. பின்னாளில் வில்லியம் லார்னெட், பில் டில்டன் என்ற அமெரிக்க வீரர்களும் ஆளுக்கு ஏழு பட்டங்கள் வென்றார்கள். தொடர்ச்சியாக ஏழு என்பது சியர்ஸிடம் மட்டுமே இருக்கிறது. ஏழாவதில் ஹென்றி ஸ்லோகமை நேர் செட்களில் வென்றார். அடுத்த ஆண்டு பட்டத்தைக் காக்க அவர் களமிறங்கவில்லை. அது ஸ்லோகமுக்குப் போனது.

போன வாரம் டுவைட்டைப் பற்றி நான் போதுமான அளவு எழுதவில்லை, அது என் குறை. பாஸ்டனுக்குப் பக்கத்தில் நஹாண்டில், சியர்ஸின் அண்ணன் ஃபிரெட்டோடு மழையில் ரப்பர் பூட்ஸும் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு டென்னிஸ் ஆடிப் பார்த்தவர் அவர். அமெரிக்க டென்னிஸ் சங்கத்தைப் பல ஆண்டுகள் தலைவராக இருந்து நடத்தியவரும் அவரே. 1883 இறுதியாட்டத்தில் சியர்ஸுக்கு எதிரே நின்றது இந்த டுவைட்தான். 6-2, 6-0 என்று போய்விட்ட ஆட்டத்தில் மூன்றாவது செட்டை 9-7 வரை இழுத்தார். ஒற்றையர் பட்டம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. இரட்டையரில் ஐந்து பட்டங்கள் வென்றார், ஐந்தும் சியர்ஸோடு சேர்ந்து.