உச்சந்தலை அரிப்பும் ஒரு பாட்டில் லோஷனும்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 31 வயது. அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறேன். அப்பா, பெரியப்பா எல்லாருக்கும் வழுக்கை. எனக்கும் முன்நெற்றி ஏறிவிட்டது, உச்சியில் முடி மெலிந்துவிட்டது. அந்த இடத்திலேயே அரிப்பு. சொறிந்தால் மஞ்சளாக, பிசுபிசுவென்று செதில் நகத்தில் வருகிறது. உடம்புச் சூடு என்று சொல்லி அம்மா வாரம் இரண்டு நாள் ராத்திரியில் விளக்கெண்ணெய் வைத்துவிடுகிறார். மருந்துக்கடையில் கேட்டு, முடி வளர்வதற்கான மினாக்சிடில் 5 சதவீத லோஷன் வாங்கிப் போட்டேன். அரிப்போடு இப்போது எரிச்சலும் சேர்ந்துகொண்டது. அரிப்பதால்தான் முடி கொட்டுகிறதா? லோஷனை நிறுத்திவிடலாமா?
- வாசகர், சேலம்

பதில்: லோஷனை இன்றைக்கே நிறுத்துங்கள் தம்பி. பாட்டிலை மட்டும் தூக்கி எறிய வேண்டாம், அதற்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

உங்கள் வழுக்கைக்கும் அரிப்புக்கும் காரணம் வேறு வேறு. வழுக்கை பரம்பரை. அப்பா வழியில் மட்டும் வருவதில்லை, அம்மா வழியிலும் வரும். தாய்மாமன் தலையையும் ஒருமுறை பார்த்துவையுங்கள். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன், முன்தலையிலும் உச்சியிலும் உள்ள முடிவேர்களைச் சிறுகச் சிறுகச் சுருக்கிவிடும். விழுந்து முளைக்கும் ஒவ்வொரு முறையும் முடி இன்னும் மெல்லியதாக வரும். பின்னந்தலை வேர்கள் அதற்கு அவ்வளவாக மசிவதில்லை. அரிப்பே இல்லாமல் வழுக்கை விழுந்தவர்கள் எத்தனையோ பேர். இப்படிப்பட்ட தலையில் சிறு துண்டுத் தோலை எடுத்துப் பார்த்தால், பலருக்கு வேரைச் சுற்றி லேசான அழற்சி தெரியும். அது வழுக்கைக்குக் காரணமா, விளைவா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நகத்தால் பிராண்டுவதும் வீங்கிச் சிவந்த தோலும் கொட்டுவதைக் கூட்டும் என்பது நிச்சயம். அரிப்பை அடக்கினால் அந்தக் கூடுதல் கொட்டல் குறையும். வழுக்கை அதனால் நின்றுவிடாது. அதற்குத் தனி வைத்தியம்.

மஞ்சள் செதில் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் செபோரிக் டெர்மடைட்டிஸ் என்போம். பொடுகின் மூத்த அண்ணன். மலசீசியா என்ற பூஞ்சை எல்லார் தலையிலும் குடியிருப்பதுதான்; தலை சுரக்கும் எண்ணெய்ப் பசையைத் தின்று பெருகும்போது சிலருக்குத் தோல் கோபித்துக்கொள்ளும். சேலத்து ஏப்ரல் வெயில், தறிப்பட்டறைப் புழுக்கம், வேர்வையில் ஒட்டும் பஞ்சுத்தூசி, போதாததற்கு ஹெல்மெட். இத்தனைக்கும் மேல் ராத்திரி முழுக்க விளக்கெண்ணெய்! இந்தப் பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்க்க ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் சண்டை போட வேண்டாம். டாக்டரம்மா எண்ணெயை நிறுத்தச் சொன்னார் என்று பழியை என் மேல் போட்டுவிடுங்கள்.

பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு, வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். முடியில் தேய்த்தால் போதாது, தோலில் படவேண்டும். போட்டவுடன் கழுவிவிட்டு 'கேட்கவில்லை' என்று வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். 5 நிமிடம் ஊறட்டும். அதுவரை உடம்புக்குச் சோப்புப் போடுங்கள். அடங்கிய பிறகு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

எரிச்சலுக்கு வருகிறேன். லோஷனில் மினாக்சிடிலைக் கரைத்துவைக்க புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பார்கள். பலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது மருந்தல்ல, இந்தக் கரைப்பான்தான். இப்போது அந்தப் பாட்டிலை எடுங்கள். முழங்கைக்கு உட்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் ஒரு வாரம் காலையும் மாலையும் ஒரு சொட்டுத் தடவுங்கள். சிவந்து அரித்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள், ஒவ்வாமையாக இருக்கலாம். எதனால் என்று, சந்தேகப் பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில் தெரிந்துகொள்ளலாம். கரைப்பான்தான் காரணம் என்றால் அது இல்லாத நுரை வடிவ மினாக்சிடில் கிடைக்கிறது. கை சும்மா இருந்தாலும், தலை ஆறும்வரை எதையும் போட வேண்டாம்.

இன்னொன்று. அரிப்பு என்றதும் சில கடைகளில் ஸ்டீராய்டு லோஷன் கொடுப்பார்கள். மூன்றே நாளில் சொர்க்கம்தான். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து போகும். டாக்டர் சொன்ன நாள் கணக்குக்கு மேல் வேண்டாம்.

வழுக்கை விழுந்த இடம் முடித்துளையே தெரியாமல் பளபளவென்று ஆகியிருந்தாலோ, முடியின் அடியைச் சுற்றிச் சிவந்து செதில் வளையம் கட்டியிருந்தாலோ ஷாம்புவை நம்பி உட்கார வேண்டாம். லைக்கன் பிளானோபைலாரிஸ் போன்ற தழும்பு வழுக்கையாக இருக்கலாம். அதில் போன வேர் திரும்பாது. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். வயது 36. வகிடு அகலமாகிறது, தலையும் அரிக்கிறது. வழுக்கைக்கு அண்ணன் சாப்பிடும் ஃபினாஸ்டிரைடு மாத்திரையை நானும் சாப்பிடலாமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: கூடாதம்மா. கருவில் ஆண் குழந்தை இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியையே அது பாதிக்கும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது. முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு பாருங்கள். மலைக்குளிருக்குக் கொதிக்கக் கொதிக்கத் தலையில் ஊற்றுகிறீர்களா? வெதுவெதுப்பு போதும். தலைக்குச் சாயமோ 'கறுப்பு மருதாணி'ப் பொடியோ போடுகிறீர்களா என்று எழுதவில்லை. போட்டால், அது ஒத்துக்கொள்ளாமலும் அரிக்கலாம்; காது மடலும் கழுத்தும் சேர்ந்து அரிக்கிறதா என்று கவனித்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.